ரிமோட் டெஸ்க்டாப்புக்கு கனெக்ஷன் ப்ரோக்கர் போட்ட அனுபவம், நீங்களும் சொல்லுங்க

ஒரு ஆடிட்டர் ஆபீஸ், எல்லாருமே ரிமோட் டெஸ்க்டாப்லதான் வேலை பாக்கறாங்க. செஷன் ஹோஸ்ட் (எல்லாரும் லாகின் பண்ணி வேலை பாக்கற சர்வர்) ரெண்டு இருக்கு, முன்னாடி செட் பண்ணவங்க டிஎன்எஸ் ரவுண்ட் ராபின் (ஒரே பேருக்கு ரெண்டு சர்வரோட ஐபியையும் மாத்தி மாத்தி குடுக்கறது) மட்டும் போட்டு விட்டுட்டு போயிட்டாங்க. நெட் ஒரு நிமிஷம் கட்டாகி திரும்ப உள்ள வந்தா வேற சர்வருக்கு போயிடும், பாதி என்ட்ரி போட்ட எக்செல் பழைய சர்வர்லயே திறந்து கிடக்கும். ப்ரொஃபைல் எஃப்எஸ்லாஜிக்ஸ் (யூசர் ப்ரொஃபைல தனி விர்ச்சுவல் டிஸ்க்ல வைக்கற மைக்ரோசாஃப்ட் டூல்) டிஸ்க்ல இருந்ததால அந்த டிஸ்க்க பழைய செஷன் பிடிச்சு வச்சுக்கும், புது சர்வர் ஒண்ணுமே இல்லாத வெறும் ப்ரொஃபைல்ல உள்ள விடும். மாசம் 20ம் தேதி, ஜிஎஸ்டிஆர் 3பி கடைசி நாள்ல இது நடந்தா ஆபீஸ் பொண்ணுங்க படற பாட்ட பாக்க சகிக்காது.

ப்ரோக்கரோட வேலையே இதத் தடுக்கறதுதான். யாரு, எந்த சர்வர்ல, எந்த செஷன்ல இருக்காங்கன்னு அதோட டேட்டாபேஸ்ல வச்சிருக்கும், திரும்ப வந்தவங்கள அதே செஷனுக்கு அனுப்பிடும். லோடு பிரிச்சு விடறது எனக்கு ரெண்டாம் பட்சம்தான்.

சேர்த்து சொல்றேன், இன்ஸ்டால் பண்றது சுலபம், சர்வர் மேனேஜர்ல ரோல் சேர்த்தா முடிஞ்சுது (ஆனா ஆக்டிவ் டைரக்டரி டொமைன் இருக்கணும், டொமைன் இல்லாத வொர்க்குரூப்ல ப்ரோக்கர் ஓடாது). நேரத்த சாப்பிட்டது பேரும் சர்ட்டிபிகேட்டும்தான். உள் டொமைன் .லோக்கல்னு முடியுது, அந்த மாதிரி பேருக்கு 2015 நவம்பருக்கு அப்புறம் பொது சர்ட்டிபிகேட் யாரும் தர்றதில்ல, அதனால வெளிய வாங்கின டொமைன் பேர்ல சர்ட்டிபிகேட் எடுத்து, உள் டிஎன்எஸ்லயும் அதே பேர ப்ரோக்கர் ஐபிக்கு காட்டி, பப்ளிஷ் ஆகற பேரையும் பவர்ஷெல்ல மாத்தினப்புறம்தான் கனெக்ட் பண்றப்ப வந்துட்டிருந்த மஞ்சள் சர்ட்டிபிகேட் எச்சரிக்கை போச்சு.

இன்னொண்ணு, இத கட்டாயம் எழுதி வச்சுக்கோங்க. யூசருங்க நேரா எம்எஸ்டிஎஸ்சி (விண்டோஸோட ரிமோட் டெஸ்க்டாப் க்ளையன்ட்) திறந்து ப்ரோக்கர் பேர அடிச்சா, கலெக்ஷனுக்கு (ஒண்ணா சேர்த்து வச்ச செஷன் ஹோஸ்ட் குழுவுக்கு) போகாது, ப்ரோக்கர் மெஷின்லயே லாகின் பண்ண பாக்கும், அனுமதி இல்லன்னு துரத்தும். வெப் அக்சஸ்லேர்ந்து (ரிமோட் டெஸ்க்டாப்போட வெப் பேஜ்) இறக்கின ஆர்டிபி ஃபைல்ல மட்டும்தான் எந்த கலெக்ஷன்ங்கற வரி இருக்கு. அந்த ஃபைலயே எல்லார் டெஸ்க்டாப்லயும் குரூப் பாலிசில போட்டுட்டேன். தின் க்ளையன்ட் (ரிமோட் டெஸ்க்டாப்புக்குன்னே இருக்கற சின்ன பெட்டி) வச்சிருக்கவங்க ப்ரோக்கர் ரெஜிஸ்ட்ரில கிளஸ்டர் செட்டிங்ஸுக்கு கீழ எந்த கலெக்ஷன்னு சொல்ற டீஃபால்ட் டிஎஸ்வி யூஆர்எல் குடுத்தாலும் சரியா வரும்.

லைசன்ஸ் சர்வர கையோட செட் பண்ணிடுங்க, 120 நாள் சலுகை முடிஞ்சா ஒரு காலைல யாரையும் உள்ள விடாது. ரிமோட் டெஸ்க்டாப்போட 3389 போர்ட்ட வெளிய திறக்கவே வேணாம், ஆர்டி கேட்வே (வெளியேர்ந்து வர்றவங்கள உள்ள அனுப்பற ரோல்) போட்டு 443 மட்டும் போதும்.

---

அண்ணே, அருமையா எழுதிருக்கீங்க. நாங்க காலேஜ் லேபுக்கு அப்பாச்சி குவாக்கமோலி போட்டோம், பசங்க பிரௌசர்லேர்ந்தே விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுக்கும் போறாங்க, க்ளையன்ட் எதுவும் வேணாம். ஆனா இது ப்ரோக்கர் மாதிரி விண்டோஸ் செஷன் எந்த சர்வர்லன்னு ஞாபகம் வச்சு அங்க திருப்பி அனுப்பாது, யாருக்கு எந்த கனெக்ஷன்னு பிரிச்சு குடுக்கற வேலை நல்லா பண்ணும். குவாக்கமோலி 1.5 வெர்ஷன் டாம்கேட் (அது ஓடற ஜாவா வெப் சர்வர்) 10ல ஓடல, 9க்கு வந்ததும் ஓடுச்சு. அதுக்கு முன்னாடி ப்ராக்சியா என்ஜின்எக்ஸ் வச்சா ப்ராக்சி பஃபரிங் ஆஃப் பண்ணுங்க, வெப்சாக்கெட் ஹெட்டர் ரெண்டும் (அப்கிரேட், கனெக்ஷன்) சேருங்க, இல்லன்னா மவுஸ் ஜவ்வு மாதிரி இழுக்கும். கூடவே வர்ற குவாக்அட்மின் அக்கவுண்ட முதல் நாளே தூக்கிடுங்க, அதோட பாஸ்வேர்டும் அதே பேருதான்.

---

தம்பி, அதுல தமிழ் டைப் ஆகுதா?

---

ஆகுதுண்ணே. ஆர்டிபி கனெக்ஷன்ல கீபோர்டு லேஅவுட்ட யூனிகோடுன்னு மாத்தினதும் நோட்பேட், வேர்டுல எல்லாம் சரியா வருது. எல்லா சாஃப்ட்வேர்லயும் வரும்னு இல்ல, பழைய அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் இருந்தா அதுல முதல்ல அடிச்சு பாத்துட்டு அப்புறம் ஆபீஸுக்கு குடுங்க.