முதன்முறையாக நிரலாக்கப் போட்டி: எந்தக் கணக்குகளிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: ஹட்டன் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். உயர்தர வகுப்பில் பைதன் நிரல்மொழி படிக்கும் 24 மாணவர்களுக்கு அடுத்த தவணையில் ஒரு சிறிய நிரலாக்கப் போட்டி நடத்த விரும்புகிறேன். எங்களிடம் ஒழுங்காக இயங்கும் கணினிகள் 9 மட்டுமே.

சென்ற ஆண்டும் ஒரு தடவை முயன்றோம். இணையத்தில் கிடைத்த ஐந்து கணக்குகளைக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் முடிந்தபோது பாதிப்பேருக்கு மேல் பூச்சியத்தோடு எழுந்து போனார்கள். பகா எண்ணைக் கண்டறியும் செய்நிரலை வகுப்பில் புத்தகம் பாராமல் எழுதிய பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. எந்த வகைக் கணக்குகளை, எந்த வரிசையில் கொடுப்பது? தனித்தனியாக நடத்துவதா, குழுவாகவா?

பதில்: தலவாக்கலை ஆசிரியர்

டீச்சர், உங்கள் பிள்ளைகள் கணக்கில் தோற்றிருக்க மாட்டார்கள், உள்ளீட்டில் தோற்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். வகுப்பில் நாம் "எண்ணைத் தருக" என்று திரையில் கேட்டுவிட்டு வாசிக்கப் பழக்குகிறோம். போட்டியில் அந்த வாசகமும் வெளியீட்டோடு சேர்ந்துவிடுவதால் சரியான விடையும் பிழையாகிவிடும். அதேபோல மூன்று எண்கள் ஒரே வரியில் வரும்போது அவற்றைப் பிரித்தெடுக்காமல் முழு வரியையும் ஒரே எண்ணாக மாற்றப் பார்த்தால் நிரல் முதல் வரியிலேயே நின்றுவிடும். ஆகவே முதற் கணக்கு, ஒரே வரியில் தரப்படும் இரண்டு எண்களைக் கூட்டி விடையை மட்டும் அச்சிடுவதாக இருக்கட்டும். அதை 24 பேரும் செய்து முடிக்க வேண்டும். முடிக்காதவருக்குப் போட்டி நேரத்திலேயே பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இரண்டாவதாக நான் கொடுத்தது தேயிலைக் கொழுந்து பறிப்பவரைப் பற்றிய கணக்கு. ஒருவர் காலை, பகல், மாலை என மூன்று முறை நிறுத்த கிலோக்கள் தரப்படும். நாளுக்குரிய அளவு 18 கிலோ என்று வைத்துக்கொண்டு, கூடுதலாகப் பறித்தது எத்தனை கிலோ என்று சொல்ல வேண்டும். 7, 6, 8 என்றால் விடை 3. சோதனைக்கு நான் ஒளித்து வைத்திருந்த உள்ளீடு 5, 6, 4. பெரும்பாலானோரின் நிரல் அதற்கு -3 என்று காட்டியது. ஒரு மாணவி மட்டும் அங்கே பூச்சியம் போட்டிருந்தாள். காரணம் கேட்டபோது, "குறைஞ்சா அரைப்பேர்தான் சேர், கிலோவைக் கழிக்க மாட்டாங்க" என்றாள். அரைப்பேர் என்றால் தோட்டத்தில் அரை நாள் சம்பளம். நிபந்தனைக் கூற்றைப் பற்றி நான் இரண்டு பாடவேளை பேசியிருந்தேன். அவளுக்கு அது வீட்டிலிருந்தே வந்திருந்தது.

பதில்: பேராதனை மாணவன்

வணக்கம் டீச்சர். சேர் சொன்ன கொழுந்துக் கணக்கு எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு குறை உண்டு. குறைந்தால் பூச்சியம் என்பது வினாவில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தோட்டத்து லய வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரிவது நகரத்துக் கடைக்காரரின் பிள்ளைக்குத் தெரியாமல் போகலாம். மாணவர் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய பொறி வேறு, வினாவே சொல்லாமல் விட்ட விதி வேறு. நியாயமான பொறிக்கு, நிரலாக்கப் போட்டிகள் நடத்தும் கோட்ஃபோர்சஸ் இணையத்தளத்தின் தர்பூசணிக் கணக்கைச் சொல்வேன்: 1 முதல் 100 கிலோ வரையான ஒரு பழத்தை, இரண்டு பங்கும் இரட்டை எண் கிலோவாக வரும்படி வெட்ட முடியுமா? இரட்டை எண் என்றால் முடியும் என்று எல்லோரும் எழுதுவார்கள். 2 கிலோப் பழத்தில் அது பொய்த்துவிடும். தேவையான தகவல் முழுவதும் வினாவிலேயே இருக்கிறது, ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

அந்தத் தளத்தில் வினாக்கள் ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலுமே இருப்பதால் நீங்களே தமிழில் எழுதிக் கொடுப்பது நல்லது. பாடசாலை மாணவர்களுக்கான நிரலாக்கப் போட்டியான சர்வதேச தகவலியல் ஒலிம்பியாட்டிலேயே அந்தந்த நாட்டுக் குழுத் தலைவர்கள் வினாக்களைத் தம் மொழிக்குப் பெயர்த்துக் கொடுக்கிறார்கள். மொழியில் தடுக்கி விழுவதை நிரலாக்கத் திறமையின் குறைவாக எண்ணக் கூடாது.

கடைசிக் கணக்குக்கு ரயில் பாதையை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையிலான தூரங்கள் வரிசையாகத் தரப்படும். பிறகு இந்த நிலையத்திலிருந்து அந்த நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்று பல கேள்விகள் வரும். ஹட்டனிலிருந்து நானுஓயா வரை என்றால் ஒவ்வொரு முறையும் கூட்டிச் சொல்லலாம். நிலையங்கள் 2 இலட்சம், கேள்விகளும் 2 இலட்சம் என்று வைத்தால் கூட்டல்கள் 4,000 கோடி வரை போகக்கூடும். பைதன் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். தொடக்க நிலையத்திலிருந்து ஒவ்வொரு நிலையம் வரையான மொத்தத் தூரத்தையும் முதலிலேயே ஒரு பட்டியலில் சேர்த்து வைத்தவருக்கோ ஒவ்வொரு கேள்வியும் ஒரே ஒரு கழித்தல்தான். சிறிய உள்ளீடுகளுக்கு மட்டும் சரியாக ஓடினாலும் பாதிப் புள்ளி கொடுங்கள், ஒலிம்பியாட்டில் செய்வது போல. சென்ற ஆண்டுப் பூச்சியங்களில் பல அப்படியே மறைந்துவிடும்.

குழுவாக நடத்துவதே என் விருப்பம். பல்கலைக்கழக மாணவர்களுக்கான சர்வதேச நிரலாக்கப் போட்டியான ஐ.சி.பி.சி.யில் மூன்று பேருக்கு ஒரே கணினிதான். ஒருவர் தட்டச்சு செய்யும்போது மற்ற இருவரும் தாளில் யோசிப்பார்கள். ஆனால் அங்கே தீர்த்த கணக்கின் ஒவ்வொரு பிழையான சமர்ப்பிப்புக்கும் 20 நிமிடத் தண்டனை சேர்கிறது; முதல் முறை போட்டியிடுபவர்களுக்கு அது வேண்டாம், பயந்துபோய் சமர்ப்பிக்கவே மாட்டார்கள்.

பதில்: தலவாக்கலை ஆசிரியர்

தம்பி சொன்னது சரி, விதியை வினாவில் சேர்த்துவிடுகிறேன். டீச்சர், போட்டியை இணையத்தை நம்பி நடத்தாதீர்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் அது எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கணக்குக்கும் பத்து உள்ளீட்டுக் கோப்புகளையும் அவற்றுக்கான விடைக் கோப்புகளையும் முன்கூட்டியே தயாரித்து வைத்து, மாணவரின் வெளியீட்டை வரி வரியாக ஒப்பிடும் ஒரு சிறிய பைதன் நிரலை எழுதிவிட்டால் போதும். வரியின் இறுதியிலுள்ள வெற்றிடங்களை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். நான் அதை மறந்துபோய், சரியாகச் செய்த இரண்டு பிள்ளைகளைப் பிழை என்று சொல்லிவிட்டேன்.

பதில்: ஹட்டன் ஆசிரியை

இருவருக்கும் நன்றி. சென்ற ஆண்டுத் தாள்களை இன்று மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பூச்சியம் பெற்றவர்களில் ஏழு பேர் "எண்ணைத் தருக" என்று அச்சிட்டிருக்கிறார்கள். மூன்று பேர் வீதம் எட்டுக் குழுக்கள், ஒன்பதாவது கணினி விடைகளை ஒப்பிடுவதற்கு. ஒப்பிடும் நிரலை இந்த வார இறுதியில் எழுதி, அந்த ஏழு பேரின் நிரல்களையே அதில் முதலில் ஓட்டிப் பார்க்கிறேன்.