போர்வெல் பொகைஞ்ச கதையை எப்படி எழுதறதுங்க?

மேட்டாங்காடு:
வணக்கமுங்க. குண்டடம் பக்கம் எங்க தோட்டம். எங்கப்பாரு மாடு கட்டி கெணத்துத்தண்ணியைக் கவலையில எறச்ச ஆளு, அப்புறம் மோட்டார் வந்து, கெணறு வத்தி, போர் மேல போரா போட்டு, 2017 பஞ்சத்துல கடைசியா ஒண்ணு ஓட்டுனோம், தொள்ளாயிரம் அடி போயும் தண்ணி இல்லாம வெறும் பொகைதான், காஞ்ச பாறைத்தூசிதான் வந்துச்சு. அதை சிறுகதையா நாலு தடவை எழுதிட்டேன், ஒவ்வொரு தடவையும் மழையும் பாறையும் வில்லன் மாதிரி வந்து நிக்குது. "மழை ஏமாத்திப்போடுச்சு"ன்னுதானே பேசறோம், எழுதறப்பவும் அதே வருது. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிரேனோட 'தி ஓப்பன் போட்' (1897) சிறுகதை படிச்சேன். கப்பல் முழுகி நாலு பேரு சின்னப் படகுல தவிக்கறாங்க, அதுல நல்ல தெம்பான ஆளுதான் கரைக்கிட்ட வந்து செத்துப்போறான், ஏன்னு கேட்டா பதிலே இல்ல. கடலுக்கு யாரு மேலயும் கோவமும் இல்ல, பாசமும் இல்ல. ரெண்டு நாள் தூக்கம் வரல எனக்கு. மாரியாத்தாளைக் கும்பிடற ஊர்ல மழைக்கு மனசே இல்லைன்னு எப்படிங்க எழுதறது?

கொறங்காடு:
மாரியாத்தாளைக் கதைல இருந்து எடுக்க வேண்டாமுங்க. உங்கப்பாரு கும்பிடட்டும், திட்டட்டும், அது அவரு பேச்சு. கதை சொல்ற நீங்க பாறையைப் பாறையாச் சொன்னாப் போதும். ஜாக் லண்டனோட 'டு பில்ட் எ ஃபயர்'ல (1908) துப்புன எச்சில் கீழ விழறதுக்குள்ள காத்துலயே வெடிக்குது, அதை வெச்சுத்தான் குளிர் எவ்வளவுன்னு அந்த ஆளு கணக்குப் போடறான். ஒரு மரத்தடியில தீ மூட்டிட்டு அந்த மரத்துக்கிட்ட இருந்தே குச்சி உருவி உருவிப் போடறான், ஒவ்வொரு உருவலுக்கும் மரம் லேசா அசையுது, கடைசில கிளைல இருந்த பனி மொத்தமா விழுந்து தீ அணைஞ்சு போகுது. மரத்துக்கு என்ன பகை சொல்லுங்க? நம்ம கதையும் இதேதானுங்க. ஒருத்தர் போர் போட்டா பக்கத்துக் கெணறு எறங்குது, அவரு எறநூறடி எச்சாப் போறாரு, அதைப் பாத்து அடுத்தவரு. நம்ம பக்கம் அடியில கெட்டிப்பாறை, வெடிப்புலதான் தண்ணி நிக்கும், வெடிப்பு சிக்கலைன்னா பொகைதான்.

நொய்யல்கரை:
பாறையை மட்டும் எழுதுனா பாதிக்கதைதானுங்க. போர் வண்டிக்குக் காசு எங்கிருந்து வந்துச்சு? எங்க வீட்ல அம்மாவோட தாலிக்கொடி போச்சு, அதை மீட்கவே இல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் ஜோலாவோட 'ஜெர்மினல்' நாவல்ல (1885) சுரங்கம் மட்டுமா ஆளைக் கொல்லுது, கூலியும் பசியும் சேந்துதானே கொல்லுது. மனுசனை அவன் சூழல்தான் ஆட்டிவெக்குதுன்னு எழுதற இயல்புவாதத்துல, சூழல்னா அதெல்லாம் சேத்திதான். ஆர். சண்முகசுந்தரம் 1942லயே 'நாகம்மாள்' நாவல்ல நம்ம கொங்குப் பேச்சை வெச்சே ஒரு விதவை காட்டுல பங்கு கேக்கறதை எழுதிட்டாரு, அதுல யாரையும் நல்லவங்க கெட்டவங்கன்னு பிரிச்சு வெக்க என்னால முடியல. அதனால பேச்சுத்தமிழ் தடுக்குதுன்னு நெனைக்காதீங்க. வட்டி, கரண்டு, தென்னைக்குத் தண்ணி வேணுங்கற அவசரம், இதெல்லாம் கதைக்குள்ள வரோணும்.

மேட்டாங்காடு:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. குச்சி உருவறதைப் படிச்சதும் ஒண்ணு தட்டுப்பட்டுச்சு, ராத்திரி பூரா அதேதான் ஓடுச்சு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பன் கெணறு வத்துனது எங்க ரெண்டாவது போருக்கு அப்புறம்தான். நாலு தடவை எழுதியும் அதை ஒரு வரிகூட எழுதல நான். கடைசி போர் ஓட்டுன அன்னைக்கு எங்கப்பாரு, வந்த மண்ணை உள்ளங்கையில அள்ளி அமுக்கிப் பாத்துட்டே நின்னாரு, ஈரம் இருந்தா உருண்டை புடிக்குமில்லீங்களா, அது விரல் சந்துல மாவாட்டம் ஒழுகிடுச்சு. அப்ப வண்டிக்காரங்களுக்கு டீ கொண்டாந்து ஊத்திட்டு இருந்தது அந்தப் பெரியப்பன்தானுங்க.