பிரைவேட் பேங்க் வேலை அல்ல, பிரைவேட் பேங்கிங் வேலை: உள்ளே நிலவரம் என்ன?

கேள்வி: கோவை_கிளை

தலைப்பைத் தெளிவாகவே போட்டிருக்கிறேன். "எந்தத் தனியார் வங்கி, எங்கே அப்ளை பண்ணணும்" என்று தயவுசெய்து கேட்டு வராதீர்கள். கிளையில் ஆர்.எம். (வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் ரிலேஷன்ஷிப் மேனேஜர்) ஆக 4 வருஷம். அதே வங்கியில் பெரிய பணக்காரக் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்குக் கூப்பிடுகிறார்கள். சி.டி.சி. (வருஷ மொத்தச் சம்பளம்) 18 லட்சம். 120 கோடி புக் (நான் பார்த்துக்கொள்ள வேண்டிய வாடிக்கையாளர்களின் மொத்தப் பணம்) கையில் தருவார்களாம். டார்கெட் எப்படி உட்காரும்? என்ன பரீட்சைகள் எழுதணும்? அன்றாட வேலை முதலீடு சார்ந்ததா, இல்லை இதுவும் சேல்ஸ்தானா? ஆட்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

பதில்: டிரெயில்_கணக்கு

சேல்ஸ்தான். அதை ஒத்துக்கொண்டு உள்ளே வந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

120 கோடி என்றதும் மயங்காதீர்கள். புக் எவ்வளவு என்பது வேறு, அது எவ்வளவு ஈட்டுகிறது என்பது வேறு. சம்பளத்தைப் போல 4, 5 மடங்கு வருமானம் கொண்டுவரணும் என்பதுதான் இந்தத் தொழிலில் பரவலாக ஓடும் கணக்கு. 5 மடங்கு என்றால் உங்கள் தலையில் 90 லட்சம். இப்போது புக்கைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 70 கோடி ஈக்விட்டி ஃபண்டிலும் பி.எம்.எஸ்.ஸிலும் (ஒருவரின் பணத்தைத் தனியாக நிர்வகிக்கும் போர்ட்ஃபோலியோ சேவை) இருக்கிறது, வங்கிக்குச் சராசரியாக 0.8 சதவீதம் வருகிறது என்றால் 56 லட்சம். 30 கோடி கடன் ஃபண்டில், 0.2 சதவீதம் என்றால் 6 லட்சம். மீதி 20 கோடி தாத்தா காலத்துப் பங்குகள், டீமேட்டில் சும்மா தூங்குகின்றன. அதில் வருமானம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆக மொத்தம் 62. துண்டு விழும் 28 லட்சம்தான் உங்கள் வேலை.

28 லட்சத்தை 0.8 சதவீதத்தில் எடுக்க 35 கோடி புதுப் பணம் போதுமே என்று தோன்றும். போதாது. மியூச்சுவல் ஃபண்டில் முன்பணக் கமிஷனை 2018 அக்டோபரிலேயே பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி நிறுத்திவிட்டது. இப்போது டிரெயில் (பணம் ஃபண்டில் இருக்கும்வரை வரும் கமிஷன்) மட்டும்தான், அதுவும் பணம் வந்த நாளிலிருந்து நாள் கணக்கில். ஏப்ரலில் வந்த பணம் முழு வருஷம் ஈட்டும். அக்டோபரில் வந்தால் பாதி வருஷம்தான், அப்போது தேவை 70 கோடி. பிப்ரவரியில் வந்த பணத்தால் இந்த வருஷ டார்கெட்டுக்குப் புண்ணியமில்லை. காப்பீட்டில் முதல் வருஷக் கமிஷன் ஒரே அடியாக வந்துவிடும். மார்ச் மாதத்தில் போன் ஏன் ஓயாமல் அடிக்கிறது என்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம்.

பதில்: பாஸ்_மார்க்

பரீட்சை பற்றி மட்டும் சொல்கிறேன்.

செபி அமைத்த என்.ஐ.எஸ்.எம். நிறுவனத்தின் 5-ஏ பரீட்சை இல்லாமல் ஃபண்ட் விற்க முடியாது. 100 கேள்வி, 2 மணி நேரம், 50 எடுத்தால் பாஸ், மைனஸ் மார்க் கிடையாது. கிளையில் இருந்தவர் என்பதால் அநேகமாக உங்களிடம் இருக்கும், ஆனால் தேதியைப் பாருங்கள். சான்று 3 வருஷத்துக்குத்தான் செல்லும். முடியும் முன் தொடர்கல்வி வகுப்பில் உட்காராவிட்டால் மறுபடி பரீட்சைதான். பி.எம்.எஸ். விற்க 21-ஏ தனி. காப்பீட்டுக்கு 'ஸ்பெசிஃபைட் பெர்சன்' (வங்கி சார்பில் காப்பீடு விற்க அனுமதி பெற்றவர்) சான்று. சி.எஃப்.பி., சி.எஃப்.ஏ. போன்ற நிதித் துறைப் பட்டங்கள் இருந்தால் மரியாதை, கட்டாயமில்லை.

விசிட்டிங் கார்டில் 'வெல்த் அட்வைசர்' என்று போட ஆசை வரும். செபியின் 2020 திருத்தப்படி, முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்யாமல் விநியோகம் மட்டும் செய்பவர் அந்தப் பெயரைப் போடக்கூடாது. உங்கள் வேலை விநியோகம்.

பதில்: ஃபைல்_கட்டு

சேல்ஸ் என்று மேலே சொல்லிவிட்டார்கள். நேரம் போவது காகிதத்தில். கிளையில் ஒரு ஆள், ஒரு பான் கார்டு, ஒரு கணக்கு. இங்கே ஒரு குடும்பம் என்றால் அப்பா, அம்மா, எச்.யு.எஃப். (இந்துக் கூட்டுக் குடும்பம்), ஒரு எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்), ஒரு பிரைவேட் லிமிடெட், சில சமயம் ஒரு டிரஸ்ட். கம்பெனி என்றால் 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கும் ஒவ்வொரு தனிநபரின் கே.ஒய்.சி.யும் வேண்டும். 2023 மார்ச்சுக்கு முன் அந்த வரம்பு 25. பழைய ஃபைலில் இரண்டு பேர் மட்டும் இருப்பதைப் பார்த்து அதையே நகல் எடுத்தால் திரும்பி வரும். டிரஸ்ட் என்றால் பத்திரத்தில் முதலீட்டு ஷரத்தை முதலில் படியுங்கள். அனுமதிக்காத இடத்தில் பணம் போட்டுவிட்டு அப்புறம் தீர்மானம் எழுதி ஒப்பேற்ற முடியாது.

நம் ஊரில் அடிக்கடி வரும் சிக்கல், அமெரிக்காவில் இருக்கும் பையன். அவர் பெயர் இரண்டாவது ஹோல்டராக இருக்கும், இங்கே அவருடைய சொந்தப் பணம் இன்னும் சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே ஓடும். அவருடைய அந்தக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக (வெளிநாட்டில் வாழ்பவர் இங்கே வைக்கும் ரூபாய்க் கணக்கு) மாற்றியாக வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்களிடம் சில ஃபண்ட் நிறுவனங்கள் பணமே வாங்குவதில்லை. ஹோல்டர் பட்டியலைப் பார்க்காமல் விண்ணப்பம் போட்டால் பத்து நாள் வீண்.

பையனுக்குப் பணம் அனுப்பவோ வெளிநாட்டில் முதலீடு செய்யவோ ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை போகலாம். முதலீட்டுக்கு என்றால் 10 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி). 1 கோடி அனுப்பினால் 90 லட்சத்துக்கு 18 லட்சம் தனியாக எடுத்து வைக்கணும். வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். இதை முன்னாடியே சொல்லாத ஆர்.எம்.மை எந்த வாடிக்கையாளரும் மன்னிப்பதில்லை.

இன்னொன்று, செக் ராகு காலத்தில் கேட்காதீர்கள். அஷ்டமி, நவமியும் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், மாதக் கடைசி நாள் அப்படி அமைந்தால் உங்கள் எண்ணிக்கைதான் அடிபடும்.

பதில்: ஆடிட்_கண்

மாட்டிக்கொள்ளும் இடங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி டிராயரில் வைப்பது, வாடிக்கையாளர் போனில் வரும் ஓ.டி.பி.யைத் தானே அடிப்பது, வாட்ஸ்அப்பில் "12 சதவீதம் கேரண்டி சார்" என்று எழுதுவது. மூன்றுமே 'அவசரம், நம்மாள்தானே' என்றுதான் ஆரம்பிக்கும். நம்மாள் காலமானபின் வாரிசு கேட்கும்போது அந்த ஸ்கிரீன்ஷாட்தான் முதலில் வெளியே வரும்.

பெரிய அடி, தப்பான ஆளிடம் தப்பான சரக்கை விற்பதில் வருகிறது. யெஸ் பேங்கின் ஏ.டி.1 பத்திரங்கள் (வங்கி மூலதனத்துக்காக வெளியிடும் 'பெர்பெச்சுவல்' பத்திரம், வங்கி நொடித்தால் அசலே போகலாம்) 9, 9.5 சதவீத வட்டி காட்டின. எஃப்.டி.யை விடக் கூட என்று வாங்கியவர்களில் ஓய்வுபெற்றவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் 8,415 கோடி ரூபாய் பத்திரங்கள் பூஜ்யமாக்கப்பட்டன. பம்பாய் உயர் நீதிமன்றம் 2023-ல் அதை ரத்து செய்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அதே 2020 அக்டோபரில் செபி இந்தப் பத்திரங்களின் குறைந்தபட்ச லாட்டை (ஒரு தடவை வாங்கும் அளவை) 1 கோடியாக்கியது. 'பெர்பெச்சுவல்' என்ற சொல்லை வாடிக்கையாளருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "அசலைத் திருப்பித் தரத் தேதி கிடையாது." அதைக் கேட்டும் வாங்குகிறாரா என்பதுதான் சோதனை.

ஏ.ஐ.எஃப்.பில் (பெரிய தொகை போடுபவர்களிடம் திரட்டும் மாற்று முதலீட்டு நிதி) வேறு மாதிரி. குறைந்தது 1 கோடி, ஆனால் ஒரே தவணையில் வாங்க மாட்டார்கள். முதலில் 25 லட்சம் கட்டிவிட்டு மீதியை மறந்துவிடுவார்கள். அடுத்த அழைப்பு வரும்போது பணம் நிலத்தில் முடங்கியிருக்கும். தாமதத்துக்கு வட்டி, ஒப்பந்தத்தைப் பொறுத்து அதற்கு மேலும். கட்டவேண்டிய மீதியை லிக்விட் ஃபண்டில் (சீக்கிரம் திரும்ப எடுக்கக்கூடிய குறுகிய காலக் கடன் ஃபண்ட்) ஒதுக்கச் சொல்லுங்கள். அதில் உங்களுக்கு டிரெயில் சொற்பம், தெரிந்துதான் சொல்கிறேன்.

கோவை_கிளை

நன்றி. அந்த 120 கோடியை ஏற்கும் முன் என்ன கேட்கணும்?

டிரெயில்_கணக்கு

எத்தனை குடும்பம், அதில் முதல் மூன்றின் பங்கு எவ்வளவு? இரண்டு குடும்பமே 70 கோடி என்றால், ஒன்று போனாலே வருஷம் போச்சு. போன வருஷம் இந்தப் புக் ஈட்டியது எவ்வளவு? 3 வருஷத்தில் எத்தனை ஆர்.எம். மாறினார்கள்? மூன்று பேர் என்றால் வாடிக்கையாளர் உங்கள் பெயரை மனப்பாடம் செய்யவே தயங்குவார். பழைய ஆர்.எம். எங்கே போனார்? பக்கத்து வங்கிக்கு என்றால், அவருக்கு நெருக்கமான குடும்பங்கள் ஆறு மாதத்தில் பின்னாலேயே போகலாம், அந்த இழப்பு டார்கெட்டில் கழிக்கப்படுமா என்று எழுத்தில் வாங்குங்கள். கடைசியாக, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆடிட்டர் யார். நம் பக்கம் அப்பா தலையாட்டினாலும் ஆடிட்டர் சரி என்று சொல்லாமல் செக் வராது. சேர்ந்த முதல் வாரம் வாடிக்கையாளரைப் பார்க்கும் முன் அவரைப் பாருங்கள்.