சிங்கி இறாலுக்கு எம்.எஸ்.சி. சான்று: முன்மதிப்பீட்டில் மூன்று இடத்தில் 60-க்குக் கீழே, என்ன செய்வது?

கேள்வி:
மன்னார் வளைகுடாவில் சிங்கி வலை போடும் நாட்டுப்படகுச் சங்கம். எம்.எஸ்.சி. (கடல்வளம் குன்றாமல் நடக்கும் மீன்பிடிக்குத் தரும் பன்னாட்டுச் சான்று) முன்மதிப்பீட்டில் இருப்பு நிலை (கடலில் எவ்வளவு இறால் இருக்கிறது), பிடிப்பு விதி (இருப்பு குறைந்தால் பிடிப்பைக் குறைக்கும் விதி), பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள் மூன்றும் நூற்றுக்கு 60-க்குக் கீழே. ஏற்றுமதிக்கான குறைந்தபட்ச எடை (ஹோமாரஸ் இனம் 200 கிராம், ஆர்னேட்டஸ் இனம் 500 கிராம்) தவறாமல் பார்க்கிறோம். அதை ஏன் கணக்கில் எடுக்கவில்லை? முழு மதிப்பீட்டுக்குப் போகலாமா?

பதில் 1:
இப்போ போகாதீங்க அண்ணே, பணம்தான் வீணாகும். ஒரே ஒரு குறியீடு 60-க்குக் கீழே இருந்தாலும் சான்று இல்லை. 60-க்கு மேல், 80-க்குக் கீழே என்றால் நிபந்தனையோடு தருவாங்க. அதிலும் இருப்பு, சூழல், மேலாண்மை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக சராசரி 80 வரணும். ஒன்றில் கூடுதலா வாங்கி இன்னொன்றை ஈடுகட்ட முடியாது.

ஏற்றுமதி எடை வாணிப விதி. அது கப்பலேறும் சரக்கைத்தான் தடுக்கும். 150 கிராம் குஞ்சு உள்ளூர்ச் சந்தையில் விலை போனால், கடலில் அது பிடிபட்டது பிடிபட்டதுதான். அதனால் சங்கமே எழுதி வைக்கணும்: சிறிசும் சினை இறாலும் உயிரோடு கடலுக்குத் திரும்பணும், பிடிப்பு இந்த அளவுக்கு இறங்கினால் இத்தனை நாள் தொழில் நிறுத்தம். "இறங்கினால்" என்ற பகுதி இல்லாத தீர்மானம் பிடிப்பு விதி ஆகாது.

பதில் 2:
இருப்புக் கணக்கு இல்லாத இடத்துக்கு இடர் அடிப்படை மதிப்பீடு என்று ஒரு வழி இருக்கு. அதுக்கும் பதிவு வேணும். எடையை நம்பாதீங்க, வலையில் காலும் மீசையும் ஒடிஞ்சால் எடை குறையும். வெர்னியர் வைத்து, கண்ணுக்கு மேலிருக்கும் இரண்டு கொம்புக்கு நடுவிலிருந்து தலை ஓட்டின் பின்விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளங்க. கூடவே இனம், ஆணா பெண்ணா, சினை உண்டா, எத்தனை வலை, எத்தனை இரவு கிடந்தது. வெறும் வலையா வந்த நாளையும் எழுதணும், விட்டால் முயற்சிக்கான பிடிப்பு (ஒரு வலைக்கு ஓரிரவில் கிடைப்பது) பொய்யாகக் கூடித் தெரியும்.

இன்னொன்று: இதன் இளம்புழு மாதக்கணக்கில் நீரோட்டத்தில் மிதக்கும். உங்க கரை இறாலுக்குத் தாய் வேறு கரையில் இருக்கலாம். இருப்பின் எல்லை எது என்று கேள்வி வரும், மண்டபம் சி.எம்.எஃப்.ஆர்.ஐ. (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வாளர்களை முதலிலேயே சேர்த்துக்கோங்க.

பதில் 3:
உண்மையான முட்டுக்கட்டை வலைதான். இரவு முழுக்க அடியில் கிடக்கும் வலையில் ஆமை சிக்கும், ஆவுளியா (கடல் பசு) சிக்கும். அறுந்துபோன வலை அப்புறமும் பிடிச்சுக்கிட்டே இருக்கும். அமெரிக்காவின் மெயின் வளைகுடா இறாலின் சான்று 2022 டிசம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது இறால் குறைந்ததால் இல்லை, கயிற்றில் திமிங்கிலம் சிக்கும் பிரச்சினையால்.

மதிப்பீட்டு அலகு (ஒன்றாக வைத்து மதிப்பிடும் மீன்பிடி) கருவி வாரியாகப் பிரியும். ஆகவே கூடு (பொறி) வைத்துப் பிடிப்பவர்களை மட்டும் தனி அலகாக வையுங்க. கூட்டில் வருவது காலொடியாமல் உயிரோடு வரும், சிறிசையும் சினையையும் திருப்பி விட முடியும். சிங்கி வலையில் அது பாதிக்குமேல் பேச்சோடு நிற்கும்.

கேள்வி கேட்டவர்:
கூட்டு இறாலையும் வலை இறாலையும் வியாபாரி ஒரே தொட்டியில் போட்டால்?

பதில் 3:
எம்.எஸ்.சி. முத்திரை போட முடியாது. சரக்குத் தொடர் சான்று (சான்று பெற்ற சரக்கு வேறு சரக்கோடு கலக்கவில்லை என்பதற்கு) தனி, வியாபாரி வாங்கணும். தொட்டி, கூடை, சீட்டு மூன்றும் பிரிந்திருக்கணும். கேரளாவின் அஷ்டமுடி மட்டி 2014-ல் இந்தியாவில் முதலாவதாகச் சான்று வாங்கியது. அங்கே ஒரே காயல், ஒரே இனம் என்பதால் எல்லை தெளிவு. நீங்களும் ஹோமாரஸ், கூடு என்று சிறிதாகத் தொடங்குங்க.