ஐ-140க்கு ஆர்.எஃப்.இ: சம்பளம் தரும் வசதியை எப்படிக் காட்டுவது?

கேள்வி
அமெரிக்காவில் கம்பெனி எனக்காகப் போட்ட கிரீன் கார்டு மனுவான ஐ-140க்கு, கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்.எஃப்.இ நோட்டீஸ் வந்திருக்கிறது. இ.பி.-2 (உயர் படிப்பு தேவைப்படும் வேலைகளுக்கான வகை), இந்தியா. பெர்ம் (தொழிலாளர் துறைச் சான்றுக்கான விண்ணப்பம்) தாக்கலானது 2023 மார்ச். அதில் போட்ட சம்பளம் ஆண்டுக்கு 1,12,000 டாலர். என் ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2-வில் 2023க்கு 98,000, 2024க்கு 1,04,000. கம்பெனியில் 14 பேர், எஸ் கார்ப்பரேஷன் (லாபத்துக்கான வரியைப் பங்குதாரர்களே கட்டும் வகை). 2023 நிகர லாபம் 9,000தான், 2024 லாபம் 31,000. கிரீன் கார்டு வந்த பிறகுதானே அந்தச் சம்பளம்? இப்போதே ஏன் கேட்கிறார்கள்? வங்கி ஸ்டேட்மென்ட் போதாதா?

பதில் 1
சம்பளம் தர வேண்டியது கார்டு வந்த பிறகுதான். ஆனால் தரும் வசதி பெர்ம் தாக்கலான நாளிலிருந்தே இருந்தது என்று கம்பெனி காட்டியாக வேண்டும்.

முழு 1,12,000க்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. கொடுத்தது போக மீதி போதும்: 2023க்கு 14,000, 2024க்கு 8,000. 2024ஐ லாபமே மூடிவிடுகிறது. 2023க்கு கம்பெனியின் வரிக் கணக்கில் ஷெட்யூல் எல் (சொத்து, கடன் பட்டியல்) பாருங்கள். ஆண்டு முடிவு பத்தியில் 1 முதல் 6 வரையான வரிசைகளின் கூட்டலிலிருந்து 16 முதல் 18 வரையானவற்றைக் கழித்தால் வருவது நிகர நடப்புச் சொத்து (சீக்கிரம் பணமாகும் சொத்தில், சீக்கிரம் கட்ட வேண்டிய கடன் போக மீதி). லாபமோ இந்தச் சொத்தோ, ஏதாவது ஒன்று தனியாகவே 14,000ஐத் தாண்ட வேண்டும். இரண்டையும் கூட்டக் கூடாது. பலர் வழுக்குவது இங்கேதான். தேய்மானத்தை லாபத்தோடு திரும்பச் சேர்ப்பதையும் ஏற்க மாட்டார்கள். வங்கிப் பணம் ஏற்கெனவே ஷெட்யூல் எல் முதல் வரிசையில் இருக்கிறது, தனியாகக் காட்டி எடுபடாது.

கேட்டவர்
கழித்துப் பார்த்தேன், 11,000தான். 98,000 என்பது டபிள்யூ-2-வின் பாக்ஸ் 1 (வருமான வரிக்குரிய சம்பளம்). 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்புக்கு 9,500 பிடித்தம் உண்டு.

பதில் 2
அப்படியானால் வழி இருக்கிறது. 401(கே) பிடித்தமும் உங்களுக்குக் கொடுத்த சம்பளம்தான். பாக்ஸ் 1-இல் அது கழிந்துபோய்விடும், பாக்ஸ் 5-இல் (மெடிகேர் வரிக்குரிய சம்பளம்) கழியாது. உங்கள் பாக்ஸ் 5 சுமார் 1,07,500 இருக்க வேண்டும். மீதி 4,500, லாபம் 9,000 அதைத் தாராளமாக மூடும். டிசம்பர் கடைசி பே ஸ்டப்பையும் (சம்பளச் சீட்டு), இரண்டு பாக்ஸுக்கும் வித்தியாசம் ஏன் என்று ஒரு பக்க விளக்கத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அதிகாரியே கண்டுபிடித்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

பதில் 3
கம்பெனி வேறு யாருக்காவது ஐ-140 போட்டிருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். போட்டிருந்தால் அவர்களுடைய மீதியையும் அதே 9,000 லாபமோ 11,000 சொத்தோதான் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் 1967-இன் சோனெகாவா தீர்ப்பின்படி வாதாடலாம். அந்த வழக்கில் மனுப் போட்ட ஆடை வடிவமைப்புக் கடை, இடம் மாறிய ஆண்டில் சில மாதம் இரண்டு இடத்துக்கும் வாடகை கொடுத்துச் சிரமப்பட்டிருந்தது. மற்ற ஆண்டுகளின் நிலையைப் பார்த்து மனுவை ஏற்றார்கள். உங்கள் கம்பெனிக்கும் 2023 ஏன் சறுக்கியது என்பதற்குக் கையில் காகிதம் வேண்டும்.

பதில் அனுப்ப அதிகபட்சம் 84 நாள். நோட்டீஸில் உள்ள தேதியே இறுதி. ஒரே தடவைதான், பாதி இப்போது பாதி பிறகு என்பது கிடையாது. மீதியை நீங்களே கையிலிருந்து கம்பெனிக்குக் கொடுத்து பே ஸ்டப்பில் ஏற்றச் சொன்னால் அது மோசடி. யார் யோசனை சொன்னாலும் செய்யாதீர்கள்.