‘லாயிசைஸ்’ என்ற வினைச்சொல்லின் பொருளும் வேரும்

வெள்ளவத்தை வாசகர்:
பிரெஞ்சுக் கல்வி வரலாறு பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகின்றேன். 1880களில் அந்நாட்டு அரச பாடசாலைகள் ‘லாயிசைஸ்’ செய்யப்பட்டன என்று அதில் வருகின்றது. அகராதி ‘சமயச் செல்வாக்கை அகற்றுதல்’ என்று பொருள் தருகின்றது. ஆனால் ‘சமயநீக்கம்’ என்று எழுதினால், அரசு மக்களின் வழிபாட்டையே தடைசெய்தது என்று வாசிப்போர் எண்ணிவிடக்கூடும். இச்சொல் எங்கிருந்து வந்தது? சமயச்சார்பற்றதாக்குதல் என்று பொருள்படும் ‘செக்கியுலரைஸ்’ என்பதும் இதுவும் ஒன்றா?

கொட்டாஞ்சேனை அன்பர்:
உங்கள் தயக்கம் நியாயமானது. இதன் வேர், மக்கள் என்று பொருள்படும் ‘லாஒஸ்’ என்ற கிரேக்கச் சொல். அதிலிருந்து பிறந்த ‘லாயிகோஸ்’, இலத்தீனில் ‘லாயிக்குஸ்’ ஆகி, திருச்சபை வழக்கில் குருப்பட்டம் பெறாதவர்களைக் குறித்தது. எங்கள் ஆலயங்களில் ‘பொதுநிலையினர்’ என்று நாம் சொல்வது அவர்களைத்தான். ஆகவே குருக்களின் பொறுப்பில் இருந்ததைப் பொதுநிலையினரின் பொறுப்புக்கு மாற்றுவதே இவ்வினையின் அடிப்பொருள். குரு ஒருவர் குருத்துவ நிலையிலிருந்து விடுவிக்கப்படுவதையும் இதே சொல்லால் குறிப்பார்கள். அவர் விசுவாசத்தை விட்டுவிட்டார் என்பது அதன் பொருளன்று.

‘செக்கியுலர்’ வேறு வேருடையது. தலைமுறை, யுகம் என்று பொருள்பட்ட ‘சேக்குலும்’ என்ற இலத்தீன் சொல், கிறிஸ்தவர் நாவில் ‘இவ்வுலகம்’ என்றாயிற்று. துறவற சபை எதிலும் சேராது மறைமாவட்டத்தில் பணியாற்றும் குருவையும் ஆங்கிலத்தில் ‘செக்கியுலர்’ குரு என்பார்கள். அவர் முழுமையான குரு, பொதுநிலையினர் அல்லர். இரண்டு சொற்களையும் ஒன்றாகக் கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முன்னாள் வரலாற்று ஆசிரியர்:
வேர் பற்றிய விளக்கத்தை ஏற்கின்றேன். ஆனால் பிரான்ஸில் நிகழ்ந்தது பொறுப்பு மாற்றம் மட்டுமன்று. 1882ஆம் ஆண்டுச் சட்டம் அரச ஆரம்பப் பாடசாலைகளில் சமய பாடத்தை நீக்கி, ஒழுக்கமும் குடியியலும் கற்பிக்கச் செய்தது. பெற்றோர் விரும்பினால் பாடசாலைக்கு வெளியே சமயம் கற்பிக்க, ஞாயிறு தவிர வாரத்தில் ஒரு நாளையும் ஒதுக்கியது. 1886இல் இயற்றப்பட்ட சட்டம், துறவியரான ஆசிரியர்களுக்குப் பதிலாகப் பொதுநிலை ஆசிரியர்களை நியமிக்க வழிசெய்தது. இலங்கையில் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ் உதவிபெறும் பாடசாலைகளை, அதாவது அரச நிதியுதவியுடன் பெரும்பாலும் சமய அமைப்புகள் நடத்திவந்த பாடசாலைகளை, அரசாங்கம் பொறுப்பேற்றபோது, நிருவாகம் கைமாறிய போதிலும் சமயம் பாடவேளையில் தொடர்ந்தது. இன்றும் பிள்ளைகள் தத்தம் சமயத்தையே பாடமாகக் கற்கின்றார்கள். எனவே நம் நாட்டில் நடந்ததை ‘அரசுடைமையாக்கல்’ என்று சொல்லலாமே தவிர, இச்சொல்லால் குறிப்பது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளவத்தை வாசகர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 1882ஐப் பற்றிய இடத்தில் ‘பாடசாலைக் கல்வி சமயச்சார்பற்றதாக்கப்பட்டது’ என்றும், 1886க்கு ‘கற்பித்தல் பணி பொதுநிலையினரிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்றும் பிரித்து எழுதுகின்றேன்.