அடித்துவிட்ட ஒரு வரி: பறவை முகாம் நினைவுகள்

வாலாட்டி:

பொங்கல் விடுமுறை வந்தால் அலமாரியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துப் புரட்டுவது என் வழக்கம். 2003 ஜனவரியில், எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, கோடியக்கரையில் மூன்று நாள் தங்கிப் பறவை பார்த்த முகாமில் எழுதியது. அதில் ஒரு வரியை மட்டும் அடித்திருக்கிறேன். அதைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேன். கூடவே, இப்படி முகாம்களில் தங்கியவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள். சொந்தப் பெயர் வேண்டாம். முகாமில் ஆளுக்கொரு பறவைப் பெயர் வைப்பார்களே, அது போதும்.

வேதாரண்யத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போனோம். முப்பது பிள்ளைகள், ஒரே கூடம், பாயும் போர்வையும் அவரவர் கொண்டுவந்தது. முதல் ராத்திரி கொசு தூங்கவிடவில்லை. விடிவதற்கு முன்பே விசில் அடித்து எழுப்பிவிட்டார்கள். கடுங்காப்பி குடித்துவிட்டு வரிசையாகக் காட்டுக்குள் நடந்தோம். பேசக்கூடாது, வெள்ளைச் சட்டை போடக்கூடாது, இரண்டும் கண்டிப்பு. என்னிடம் இருந்த நல்ல சட்டை வெள்ளை ஒன்றுதான். அதனால் மூன்று நாளும் காக்கிப் பள்ளிச் சட்டையிலேயே திரிந்தேன்.

காட்டுக்குள் உலக்கைப்பாலை மரங்களுக்கு அடியில் ஆறுமணிக் குருவியைக் காட்டினார்கள். காலை ஆறு, மாலை ஆறு என்று கூப்பிடுவதால் அந்தப் பெயர். சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. வடக்கிலிருந்து இரவில் பறந்து வருகிற பறவை இங்கே ஏன் இறங்குகிறது என்று எங்கள் குழுவில் ஒருவன் கேட்டான். ஓர் அண்ணன் மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். தெற்கே வந்துகொண்டே இருக்கும் கடற்கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அதற்கப்புறம் கடல்தான். களைத்த பறவைக்குக் கடலைத் தாண்டுவதற்கு முன்னால் கிடைக்கிற கடைசிக் காடு இது. பத்து வருடம் புவியியல் படித்ததில் மனதில் நின்ற படம் அந்தக் குச்சிக்கோடு ஒன்றுதான்.

வெளிமான், மட்டக்குதிரை, பூநாரைக் கூட்டம் எல்லாம் பார்த்தோம். பூநாரைகள் தூரத்தில், வெயில் அலையில், துணி காயப்போட்ட மாதிரி தெரிந்தன. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஒரு செங்கல் இடிபாட்டைக் காட்டினார்கள். அடுத்த வருடம் டிசம்பரில் சுனாமி வந்து அதையும் குலைத்துவிட்டது.

இனி அந்த வரி. இரண்டாம் நாள் சாயங்காலம், உப்பளத்தைத் தாண்டி ஓடை கடலில் சேருகிற இடத்துச் சேற்றுத் திட்டு. ஐந்து பேருக்கு ஒரு தொலைநோக்கி. என் முறை வந்தபோது நிறைய உள்ளான்கள், சேற்றில் இரை தேடும் கரையோரப் பறவைகள், மேய்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி குனிந்தபடியே இங்கும் அங்கும் ஓடியது. நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "சாம்பல் நிறம். குட்டைக்கால், மஞ்சள். மூக்கு நீளம், மேல்நோக்கி வளைவு. நண்டு பிடித்துத் தண்ணீரில் கழுவித் தின்றது. மாலை 5.20. ஒன்று."

ராத்திரி எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பட்டியலைப் படித்தோம். என் வரி வந்ததும் முகாமை நடத்தியவர் சிரித்தார். "உள்ளானுக்கு மூக்கு கீழேதான் தம்பி வளையும். நீ தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்திருப்பாய்" என்றார். நண்டைக் கழுவித் தின்றதைச் சொன்னதும் கூடமே சிரித்தது. "சோப்புப் போட்டதா?" என்று ஒருவன் கேட்டான். வளைமூக்கு உள்ளான் என்று திருத்தி எழுதச் சொன்னார்கள். திருத்தினேன். அதிகப் பறவை பார்த்த குழுவுக்குப் பரிசு என்பதால் எல்லோருக்கும் அடுத்த பெயருக்குப் போகிற அவசரம். பிள்ளைகளின் முகாமில் இந்த எண்ணிக்கைப் போட்டி கூடாது என்று அன்றைக்கே தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது.

நான் பார்த்தது என்ன?

கரிச்சான்:

மேல்நோக்கி வளைந்த மூக்கென்றால் கோணமூக்கு உள்ளான்தானே? வெள்ளையும் கறுப்புமாக அழகான பறவை. கோடியக்கரைக்கு வரும்.

என் முகாம் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில், கல்லூரி சேருவதற்கு முந்தைய வருடம். மஞ்சள் மூக்கு நாரைகள் குளத்து மரங்கள் போதாதென்று ஊருக்குள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரங்களிலும் கூடு கட்டியிருக்கும். நாங்கள் தங்கிய வீட்டு வாசலில் வேப்பமரம், அதில் ஏழு கூடு. காலையில் பல் தேய்க்க வெளியே வந்தால் தலையில் குடை பிடிக்க வேண்டும். ஏன் என்று விளக்கத் தேவையில்லை. வீட்டு ஆச்சி அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம், பறவை வராத வருடம்தான் கவலை என்றார். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்க்கிறவர்களை அங்கேதான் பார்த்தேன். வனத்துறையில் வேலை பார்த்த பால்பாண்டி அண்ணாச்சி அந்த ஊர்ப் பறவைகளுக்காகவே வாழ்ந்தவர் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். எங்களை ஒரு குஞ்சுக்கு மீன் கொடுக்க விட்டார்கள். கையைச் சேர்த்து விழுங்கப் பார்த்தது.

வாலாட்டி:

கோணமூக்கு உள்ளான் இல்லை கரிச்சான். அதைப் பிறகு நன்றாகவே பார்த்திருக்கிறேன். கால் நீளம், நீலச் சாம்பல் நிறம். நான் பார்த்தது மைனா அளவுதான். கறுப்பு வெள்ளையும் இல்லை. தோளோரம் கறுப்பாக ஒரு கோடு இருந்த ஞாபகம். ஆனால் அதை எழுதவில்லை, எனவே சத்தியம் பண்ண மாட்டேன்.

மாம்பழச்சிட்டு:

எண்ணிக்கைப் போட்டி பற்றி வாலாட்டி சொன்னதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் வால்பாறை முகாமுக்குப் போனபோது பதினைந்து வயது. அதுவரை காக்கை, மைனா, கிளி தவிர எதையும் பெயர் சொல்லத் தெரியாது. பட்டியலில் நூறைத் தொட வேண்டும் என்ற வெறியில்தான் அட்டைக்கடியைப் பொறுத்துக்கொண்டு நடந்தேன். பட்டியல் இல்லையென்றால் அறையில் படுத்திருப்பேன். குற்றம் பட்டியலுடையதல்ல, உங்களைப் பார்த்துச் சிரித்த அந்த முகாம்காரருடையது.

அட்டைக்கு உப்புத் துணியும் மூக்குப்பொடியும் கொண்டுவரச் சொன்னார்கள். மூக்குப்பொடி வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரர் "பாட்டிக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லி வாங்கினேன்.

வீட்டில் விட்டதே பெரிய விஷயம். முகாமில் நாலே நாலு பெண்கள். நடத்தினவர்கள் பறவையைப் பற்றி யோசித்த அளவு கழிப்பறையைப் பற்றி யோசிக்கவில்லை. காலை ஐந்திலிருந்து பதினொன்று வரை காட்டில் நடை, நடுவில் ஒதுங்க இடமில்லை. பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து மூன்றாம் நாள் எனக்குத் தலைசுற்றல். இன்றைக்கு முகாம் நடத்துகிறவர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து முதலில் இதைச் சரி செய்யுங்கள்.

ஆனால் அதே மூன்றாம் நாள்தான் பெரிய மூக்குள்ள இருவாட்சிப் பறவையைப் பார்த்தேன். பார்ப்பதற்கு முன் கேட்டேன். மேலே ஏதோ நீராவி இஞ்சின் போகிற மாதிரி சிறகுச் சத்தம். பிறகு மரப்பொந்து ஒன்றைக் காட்டினார்கள். பெண் உள்ளே உட்கார்ந்து வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் இடைவெளி மட்டும் விட்டு. வாரக்கணக்கில் ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஆண் வந்து தொண்டையிலிருந்து பழத்தை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்டியது. எண்ணினேன், இருபத்திரண்டு பழம். பாருங்கள், அங்கேயும் எண்ணத்தான் செய்தேன்.

கொசு உள்ளான்:

நான் முகாமுக்குப் போனவன் இல்லை, கோடியக்கரைப் பக்கத்து ஊர்க்காரன். வயதும் அறுபதை நெருங்குகிறது. எண்பதுகளில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் இங்கே தங்கிப் பறவைகளுக்கு வளையமிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் வேடிக்கை பார்க்க ஓடுவோம். அப்படிப் பார்த்தால் எங்களுக்கு வருடம் பூராவும் முகாம்தான்.

பறவையைக் காயமில்லாமல் பிடிப்பது தனி வித்தை. பீகாரிலிருந்து வந்த மிர்ஷிகார் இனத்துக்காரர்கள் அதில் கெட்டிக்காரர்கள். பரம்பரைப் பறவை பிடிப்பவர்கள், அந்தக் கைத்திறனை ஆராய்ச்சிக்குத் திருப்பினார்கள். நிலா இல்லாத ராத்திரி என்றால் வலையில் உள்ளான்கள் நிறைய விழும். துணிப்பையில் போட்டு எடை பார்த்து, இறக்கையை அளந்து, காலில் அலுமினிய வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள். வளையத்தில் எண்ணும், கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்ற வாசகமும் இருக்கும்.

ஒரு நாள் என் உள்ளங்கையில் ஒரு கொசு உள்ளானை வைத்தார்கள். இருபது, இருபத்தைந்து கிராம்தான் இருக்கும். சின்ன எலுமிச்சம்பழ எடை. அதன் நெஞ்சு அடிப்பது என் கைக்குள் தெரிந்தது. வடதுருவத்துப் பக்கம் தரிசு நிலத்தில் முட்டையிட்டுவிட்டு இங்கே வருகிறது என்றார்கள். நான் அதுவரை திருவாரூரைத் தாண்டியதில்லை.

ஒரு விஷயம். அந்தக் காலத்தில் இங்கே உள்ளான் கறியும் சாப்பிட்டிருக்கிறோம். மறைத்து என்ன ஆகப்போகிறது? கையில் வைத்துப் பார்த்த பிறகு எனக்கு மட்டும் இறங்கவில்லை. வீட்டில் அம்மா திட்டினார்.

வாலாட்டி சொன்ன பறவையை நானும் பார்த்திருக்கிறேன், பெயர் தெரியாது. நண்டுக்குப் பின்னால் ஓடும். நீர் பின்வாங்கும்போது வரும்.

பூநாரை:

இலங்கையில் மன்னாரிலிருந்து எழுதுகிறேன். வாலாட்டி, உங்களுடைய நோட்டு வரியை வாசித்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்தது, உங்களைப் பார்த்தல்ல. அது டெரெக் உள்ளான். காகசஸ் மலையில் தொடங்கிக் காஸ்பியன் கடலில் விழுகிற டெரெக் ஆற்றின் பெயர்தான் அதற்கு. பின்லாந்திலிருந்து சைபீரியா வரைக்கும் வடக்குக் காடுகளில் முட்டையிடும், குளிர்காலத்தில் எங்கள் கரைகளுக்கு வரும். மேல்நோக்கி வளைந்த மூக்கு, மஞ்சள் குட்டைக்கால், தோளில் கறுப்புக் கோடு, குனிந்துகொண்டு ஓடுகிற ஓட்டம், எல்லாம் பொருந்துகிறது.

முக்கியமாக அந்தக் கழுவல். பிடித்த நண்டைத் தண்ணீர்க் கரைக்குக் கொண்டுபோய்ச் சேறு கழுவித் தின்பது டெரெக் உள்ளானில் கவனிக்கப்பட்டிருக்கிற பழக்கம்தான். உங்களைப் பார்த்துச் சிரித்தார்களே, அதுதான் இருக்கிறதிலேயே நல்ல அடையாளம். புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தால் உங்களுக்கு அது வந்திராது.

எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வங்காலைக்கும் தள்ளாடிக்கும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் தங்கவைக்கிறோம். வங்காலை 2010இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. பூநாரைதான் பிள்ளைகளுக்குப் பிரியம். சாம்பல் நிறத்தில் நிற்கிறதை நோயாளிப் பறவை என்று நினைப்பார்கள். அது இளசு, தீனியில் இருக்கிற நிறம் சிறகில் ஏற வருடக்கணக்காகும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். முன்பு ஒரு பிள்ளை "டீச்சர், இந்தியாவில் நின்ற அதே பூநாரைதானோ இது?" என்று கேட்டாள். பாக்கு நீரிணை அதற்கு எம்மாத்திரம் என்றேன். எங்களுக்குத்தான் பாஸ்போர்ட் வேண்டும்.

வாலாட்டி:

பூநாரை, படம் தேடிப் பார்த்தேன். அதேதான். ஓடுகிற காணொளி ஒன்று கிடைத்தது, மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, வேறென்ன சொல்ல.

மாம்பழச்சிட்டு, போட்டி பற்றி நீங்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்குச் சண்டை போடுவேன்.

கரிச்சான்:

இணையப் பறவைப் பதிவுகளில் ஏற்றப் போகிறீர்களா? படம் இல்லாத பழைய பதிவு, சரிபார்க்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள்.

வாலாட்டி:

கேட்கட்டும். அடித்த வரியையும் சேர்த்து நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன். நீல மைப் பேனா, ஒரே கோடுதான் போட்டிருக்கிறேன், அடியில் எழுத்து நன்றாகத் தெரிகிறது.

மாம்பழச்சிட்டு:

வரும் ஜனவரியில் பன்னிரண்டு பிள்ளைகளோடு கோடியக்கரை போகிறேன். கழிப்பறை வசதி பார்த்தாயிற்று, முதல் வேலையாக. அந்தச் சேற்றுத் திட்டு எங்கே என்று சொல்ல முடியுமா?

வாலாட்டி:

உப்பளத்துப் பாதையில் ஒற்றைப் பனை ஒன்று இருந்தது, அதற்கு நேர் தெற்கே. ஆனால் 2018 கஜா புயலுக்குப் பிறகு போனபோது பனையைக் காணவில்லை. கொசு உள்ளான் ஐயாவைத்தான் கேட்க வேண்டும்.

கொசு உள்ளான்:

பனை இல்லை, திட்டு இருக்கிறது. வரும்போது சொல்லுங்கள், கூட்டிப் போகிறேன். நீர் வற்றுகிற நேரத்துக்குச் சரியாக வர வேண்டும். பிள்ளைகளுக்குச் செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும்.